எமல்சிபையிங் ஒயின்மென்ட்: குளிக்க எடுங்கள், பூசிவிட வேறொன்று வாங்குங்கள்

எக்சிமா (கரப்பன்) உள்ள பிள்ளைக்கு என்று யாழ்ப்பாணத்துப் பாமசிகளில் வாங்கக்கூடியவற்றில் மலிவானதும், சரியாக விளங்கிக்கொள்ளாமல் பாவிக்கப்படுவதும் எமல்சிபையிங் ஒயின்மென்ட்தான். வெள்ளை நிறம், மணம் கிடையாது, விரலால் எடுத்தால் கட்டி வெண்ணெய் மாதிரி இழுபடும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குளிக்கும்போது சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பாவிக்க இது மிக நல்ல சாமான். குளித்து முடித்துப் பூசி உடம்பிலேயே விட்டுவைக்க இதைவிட நல்லவை இருக்கின்றன. இந்த இரண்டு வேலையையும் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் "பூசினால் எரியுது" என்று பாதிப் போத்தலோடு கைவிடுகிறார்கள்.

காரணம் போத்தலுக்குள்ளேயே இருக்கிறது. பிரித்தானிய மருந்துநூல் முறைப்படி 100 கிராமில் 50 கிராம் வெள்ளை மென் பரபின், 20 கிராம் திரவ பரபின், மிச்சம் 30 கிராம் எமல்சிபையிங் மெழுகு. பரபின் இரண்டும் தோலின் மேல் படலமாக நின்று ஈரம் பறக்காமல் காக்கும். மெழுகுக்குள் சோடியம் லோரில் சல்பேற் இருக்கிறது. ஷாம்புவுக்கு நுரை தருவதும் இதுதான். கணக்குப் பார்த்தால் ஒயின்மென்டில் ஏறத்தாழ 3 சதவீதம் வரும். எண்ணெயும் தண்ணீரும் கலப்பதற்கு அது வேண்டும், அதனால்தான் இந்த ஒயின்மென்ட் அழுக்கைக் கழுவுகிறது. ஆனால் வெடித்த தோலில் மணிக்கணக்காக நின்றால் அதுவே உறுத்தும்.

அக்குவஸ் கிறீமும் இதே குடும்பம்தான். 30 சதவீதம் இந்த ஒயின்மென்ட், மிச்சம் தண்ணீரும் பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தும். பார்க்க மென்மையாக இருக்கும், பூசவும் சுகம். அதனால் குழந்தைகளுக்கு இதையே காலமையும் பின்னேரமும் தேய்த்துவிடுகிறார்கள். எக்சிமா உள்ள பிள்ளைகளில் இது எரிவையும் சிவப்பையும் ஏற்படுத்தலாம் என்று பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013 இல் எச்சரித்தது. பூசி 20 நிமிடத்துக்குள் பிள்ளை அழுதால் அது பிடிவாதம் இல்லை, உண்மையாகவே எரிகிறது. அக்குவஸ் கிறீமையும் கழுவுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சவர்க்காரத்தை ஏன் விடச் சொல்கிறோம்? எக்சிமா என்பது தோலின் வெளித்தடுப்பு பலவீனமாக இருக்கும் நோய். பலருக்கு அது பிறப்பிலேயே அமைந்தது. பிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருந்தால் எக்சிமா வரும் வாய்ப்புக் கூடும் என்பதை 2006 இல் கண்டுபிடித்தார்கள். தடுப்பு ஓட்டையாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே வரும், தோல் சிவந்து கடிக்கும், சொறியச் சொறிய இன்னும் கிழியும். ஆரோக்கியமான தோலின் அமிலத்தன்மை பிஎச் 5 ஐ ஒட்டி இருக்கும். கட்டிச் சவர்க்காரம் 9, 10 இல் நிற்கும். வேம்பு, சந்தனம், மஞ்சள், குழந்தைக்கென்று படம் போட்டது, எதுவானாலும் கட்டிச் சவர்க்காரம் கட்டிச் சவர்க்காரம்தான். குளிக்கிற தண்ணீருக்குள் டெற்றோல் போன்ற கிருமிநாசினி ஊற்றுவது இன்னும் மோசம்.

எங்கள் தண்ணீரும் இதில் பங்கு எடுக்கிறது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கட்டியைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் கல்சியத்தோடு சேர்ந்து தயிர் திரிந்த மாதிரிப் படியும். அந்தப் படிவு முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் தங்கி உறுத்தும். நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்பதால் கேடு இரட்டிக்கும். எமல்சிபையிங் ஒயின்மென்ட் அப்படித் திரிந்து படியாது, ஆகவே எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு நன்றாகப் பொருந்தும். இதற்காகத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 336 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது: இயந்திரம் பூட்டிய வீட்டுப் பிள்ளைகளின் எக்சிமா மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகக் குறையவில்லை. அந்தக் காசை ஒயின்மென்டில் போடுங்கள்.

பாவிக்கும் விதம். குளிக்க முன்பு, சுத்தமான காய்ந்த கரண்டியால் சின்னப் பிள்ளைக்கு இரண்டு தேக்கரண்டி, வளர்ந்தவருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எடுத்து ஒரு கோப்பையில் போடுங்கள். அதே அளவு சுடுதண்ணீர் விட்டு முள்ளுக்கரண்டியால் அடியுங்கள். ஒரு நிமிடத்தில் கட்டி உடைந்து பாலாடை போல் வரும். கொதிதண்ணீர் தேவையில்லை, கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடினால் போதும். பச்சைத் தண்ணீரில் அடித்தால் பருக்கை பருக்கையாக நிற்கும், பலருக்குப் பிழைக்கும் இடம் இதுதான். கலவை ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததைக் கையில் பார்த்துவிட்டு உடம்பை நனைத்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழாகப் பூசி, உடனே கழுவி விடுங்கள். பீர்க்கங்கூடும் தும்பும் வேண்டாம். நுரை வராது. வராவிட்டாலும் அழுக்குப் போகும். வியர்வையும் செம்மண் புழுதியும் போக இது தாராளம். தலைக்கு மட்டும் சரிவராது, மயிரில் பிசுக்காக ஒட்டும்.

கலவையை வாளித் தண்ணீருக்குள் கரைத்து ஊற்றினால் தோல் முழுக்கப் பிடிக்கும் என்று சொல்வார்கள். குளிக்கும் தண்ணீரில் கலக்கும் எண்ணெய் வகைகளை 483 பிள்ளைகளில் சோதித்த பிரித்தானிய ஆய்வு 2018 இல் வந்தது. தோலில் நேரே பூசும் பராமரிப்போடு அதையும் சேர்த்ததால் மேலதிகப் பலன் கிடைக்கவில்லை. கையால் தோலில் பூசிக் கழுவுவதுதான் வேலை செய்யும். இன்னொன்று, கிணற்றுக்கட்டும் குளியலறைச் சீமெந்தும் இந்தக் கலவை பட்டால் சறுக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் காலுக்குக் கீழே சாக்குப் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சிக் கழுவுங்கள்.

குளியல் 5 இலிருந்து 10 நிமிடம் போதும். கூரைக்கு மேல் கறுப்புத் தாங்கி வைத்த வீடுகளில் பங்குனி, சித்திரையில் மத்தியானக் குழாய்த் தண்ணீர் சுடும், அதில் குளித்தால் கடி கூடும். முதலில் வரும் தண்ணீரை வாளியில் பிடித்து ஆறவிட்டுப் பாவியுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

இனிப் பூசி விடுவதற்கு எது என்ற கேள்வி. தோலில் ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே, துவாயை வைத்த கையோடு பூசவேண்டும். காய்ந்த பிறகு பூசினால் உள்ளே பிடித்து வைக்க ஈரம் மிச்சமிராது. எங்கள் தெரிவு மணமும் நிறமும் சேர்க்காத வெள்ளை மென் பரபின், சாதாரண வாஸ்லின் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் தண்ணீர் இல்லை, ஆகவே பழுதாகாமல் காக்கும் இரசாயனமும் தேவையில்லை, எரிவும் மிக அரிது. பூச இறுக்கமாக இருந்தால் அதே நிறை திரவ பரபின் சேர்த்து இளக்கலாம். மலச்சிக்கலுக்கு விற்கும் அதே திரவ பரபின்தான், ஆனால் சுவையோ வேறு மருந்தோ கலக்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். வாஸ்லின் போத்தலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, திரவ பரபினை ஊற்றி, ஆறும்வரை கிண்டுங்கள். அடுப்புக்கு மேல் நேரே வைக்கவே கூடாது. சரிபாதிக் கலவை எங்கள் வெக்கைக்கு எண்ணெயாக ஓடும். கோடை மாதங்களில் வாஸ்லின் மூன்று பங்கு, திரவ பரபின் ஒரு பங்கு போதும்.

இதற்கும் ஒரு குறை உண்டு, மறைக்கத் தேவையில்லை. வெயிலில் திரியும் பிள்ளைக்குத் தடிப்பாகப் பூசினால் வியர்வை அடைபட்டு வேர்க்குரு போடும், மயிர் உள்ள கால் கைகளில் சின்னச் சின்னக் கட்டி வரும். மயிர் படிந்த திசையில், மேலிருந்து கீழாக, மினுக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பூசுங்கள். வட்டம் வட்டமாகத் தேய்ப்பதும் கட்டி வரக் காரணம். பள்ளிக்கூடம் போகும் காலையில் வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை படியும் என்று பிள்ளை மறுத்தால், பகலுக்கு மணம் இல்லாத கிறீம் ஒன்றும் இரவுக்கு வாஸ்லினும் என்று பிரித்துக்கொள்ளலாம். லோஷன், கிறீம், ஜெல், ஒயின்மென்ட் நான்கையும் 550 பிள்ளைகளில் ஒப்பிட்ட பிரித்தானிய ஆய்வு 2022 இல் வெளிவந்தது. 16 வாரத்தில் எதுவும் மற்றதைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை. ஆகவே விலை கூடிய வெளிநாட்டுப் போத்தல் வாங்க முடியவில்லையே என்று எந்தத் தாயும் மனம் வருந்த வேண்டியதில்லை. பிள்ளை மறுக்காமல் பூசவிடுவது எதுவோ அதுவே நல்லது.

அளவுதான் பெரும்பாலும் தவறுகிறது. உடம்பு முழுக்க வரட்சி உள்ள பிள்ளைக்குக் கிழமைக்கு 250 கிராம், வளர்ந்தவருக்கு 500 கிராம் பிடிக்கும். அரைக்கிலோப் போத்தல் அப்படியான பிள்ளைக்கு இரண்டு கிழமையில் முடியவேண்டும். தைப்பொங்கலுக்கு வாங்கியது ஆடிப்பிறப்புக்கும் மிச்சம் இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது, பூசப்படவே இல்லை. வாங்கும்போது போத்தல் விலையை விட்டு 100 கிராம் விலையைக் கணக்குப் பாருங்கள். சின்ன ரியூப்பில் வரும் அழகான கிறீம்கள் அந்தக் கணக்கில் நிற்கமாட்டா. புதிதாக எதை வாங்கினாலும் முன்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் ஒரு கிழமை இரண்டு நேரம் பூசிப் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி அம்மம்மாமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிலிப்பைன்சில் 117 பிள்ளைகளில் செய்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், 8 வாரத்தில் சுத்தத் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. இலேசான வரட்சிக்கு இது போதும். ஆனால் பொரித்த எண்ணெயோ, கடையில் பொரிக்கவென்று விற்கும் கலப்பு எண்ணெயோ வேண்டாம். செக்கில் ஆட்டிய, சூடாக்காத எண்ணெயைச் சின்னப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள், காறல் மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். ஒலிவ் எண்ணெய் பூசவேண்டாம், அது தோலின் தடுப்பைக் குலைக்கும் என்பது பரிசோதனையில் தெரிந்தது. கலமைன் லோஷன் அம்மைக்கும் வேர்க்குருவுக்கும் சுகம் தரும், வரண்ட எக்சிமாவை மேலும் காயவைக்கும்.

பரபின் உள்ள எதைப் பாவித்தாலும் நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒயின்மென்ட் தானாகப் பற்றாது. அது ஊறிய சட்டை, படுக்கை விரிப்பு, கட்டுத்துணி மிக வேகமாகப் பற்றும், தப்ப நேரமிராது. 2018 இல் பிரித்தானியாவில் இதற்கென்றே எச்சரிக்கை விட்டார்கள். எங்கள் வீடுகளில் சாமியறை விளக்கு, நுளம்புத்திரி, விறகடுப்பு, கார்த்திகை விளக்கீடு எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பூசிய பிள்ளையைத் தீபத்துக்குக் கிட்ட விடாதீர்கள், பூசிய கையோடு அடுப்பு மூட்டாதீர்கள், அந்தத் துணிகளை அடிக்கடி மாற்றித் தோய்யுங்கள். தோய்த்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்தக் கட்டுரையில் வாங்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லும் ஒரே சாமான் மூன்று மருந்து கலந்த ரியூப். சிவப்பையும் கடியையும் அடக்கும் ஸ்ரீரொயிட்டான குளோபிற்றசோல் அல்லது பெற்றாமெதசோன், அதோடு கிருமிகொல்லியான நியோமைசின் அல்லது ஜென்ரமைசின், அதோடு பங்கசு மருந்து ஒன்று. வைத்தியரின் துண்டு இல்லாமல் கேட்டு வாங்கி, அக்கா பூசியதை அண்ணாவின் பிள்ளைக்கும் பூசி, வீடு முழுக்கச் சுற்றும். இரண்டு நாளில் கடி நிற்கும், அதில்தான் மயங்குகிறார்கள். குளோபிற்றசோல் இருப்பதிலேயே மிகக் கடும் ஸ்ரீரொயிட். முகத்திலும் அரையிடுக்கிலும் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், அரையில் வரி விழும், அந்த வரி திரும்ப மறையாது. நியோமைசின் தானே ஒவ்வாமை உண்டாக்கும் பேர்போன மருந்து, ஒவ்வாதவருக்கு அதைப் பூசப் பூச எக்சிமா கூடும். படர்தாமரையை எக்சிமா என்று நினைத்துப் பூசினால் சிவப்பு அடங்கும், பங்கசு அடியில் பரவும், பிறகு அடையாளம் பிடிக்க வைத்தியருக்கே கஷ்டம். பெயர் ஒட்டாத டப்பியில், மூலிகை மட்டும் என்று சொல்லித் தரும் களிம்பு இரண்டு மூன்று நாளில் அதிசயமாகச் சுகம் தந்தால் அதற்குள்ளும் ஸ்ரீரொயிட் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். சித்த மருந்து விரும்புபவர்கள் பதிவு பெற்ற வைத்தியரிடம் போய், தந்த எண்ணெயில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதற்காக ஸ்ரீரொயிட் என்ற பெயரைக் கேட்டே பயப்படுவதும் பிழை. வைத்தியர் தந்த மருந்தைப் பயந்து பயந்து பொட்டு வைத்த மாதிரிப் பூசினால் தோல் ஆறாது, கடைசியில் இன்னும் கடுமையான மருந்துக்குப் போகவேண்டி வரும். அளவுக்கு விரல்நுனியைப் பாவியுங்கள். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ரியூப்பைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரைக் கிராம். வளர்ந்தவரின் இரண்டு உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து மூடும் பரப்புக்கு அது போதும். ஒன்று இரண்டு வயதுப் பிள்ளையின் ஒரு கைக்கு ஒன்றரை நுனி, ஒரு காலுக்கு இரண்டு. வளர்ந்தவரின் கைக்கு மூன்று, காலுக்கு ஆறு. வழக்கமாக நாளுக்கு ஒருமுறை, சிவந்து தடித்த இடத்துக்கு மட்டும், தடவிப் பார்த்தால் தோல் வழவழப்பாக வரும்வரை. வாஸ்லினையும் இதையும் ஒன்றின்மேல் ஒன்று உடனே பூசினால் மருந்து ஐதாகிவிடும், நடுவில் 20, 30 நிமிடம் விடுங்கள். முகத்துக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் ஹைட்ரோகோட்டிசோன் 1 சதவீதம் போன்ற மென்மையானதையே தருவார்கள். கண் இமைக்கு வைத்தியர் சொல்லாமல் எதுவும் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். கத்தரிக்காய், இறால், நண்டு, தக்காளி, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டு மெலிந்த பிள்ளைகள் இங்கே உண்டு. ஒரு சாமானைச் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒவ்வொரு முறையும் உதடு வீங்கினாலோ தோல் திட்டுத் திட்டாகத் தடித்தாலோ வாந்தி எடுத்தாலோ அதை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். மூச்சு இழுத்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. அப்படி எதுவும் இல்லாவிட்டால் வளரும் பிள்ளையின் மீனையும் முட்டையையும் பறிக்காதீர்கள். ஒவ்வாமைக்குத் தரும் பிரிட்டன் (Piriton) குளிசை நித்திரை வரவைக்கும், எக்சிமாவின் கடிக்கு அது பெரிதாக உதவாது. சோளகம் வீசும் மாதங்களில் புழுதி கூடும், வெளியே போய் வந்ததும் கழுவிப் பூசுங்கள். நல்லூர்த் திருவிழாவில் மண்ணில் உருண்டு பிரதட்டை பண்ண நேர்த்தி வைத்தவர்கள், தோல் வெடித்திருக்கும் வருடம் அதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

எக்சிமா என்று நினைப்பது எல்லாம் எக்சிமாவாகவும் இருக்காது. விரல் இடுக்கில், மணிக்கட்டில், அரையைச் சுற்றி இரவில் கடுமையாகக் கடித்து, வீட்டில் வேறு ஆட்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். அதற்கு எவ்வளவு வாஸ்லின் பூசியும் பலனில்லை, வீட்டார் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து வேண்டும். எக்சிமா உள்ள இடத்தில் மஞ்சள் பொருக்குக் கட்டி நீர் கசிந்தால் கிருமி தொற்றியிருக்கிறது, ஓரிரு நாளுக்குள் காட்டுங்கள். ஒரே அளவான, நடுவில் குழி விழுந்த சின்னப் புண்கள் கூட்டமாகத் தோன்றி, நொந்து, காய்ச்சலும் அடித்தால் ஹேர்ப்பிஸ் வைரசு பரவுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், கண்ணுக்குக் கிட்ட வந்தால் விடியும்வரை கூடப் பார்க்காதீர்கள்.

தோல் கிளினிக்குக்குப் போகும் நாளில் இதுவரை பூசிய ரியூப், டப்பி, எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், வெறும் ரியூப்பையும் விடாமல். பெயர் இல்லாத களிம்பைக் காட்ட வெட்கப்படவேண்டாம், வைத்தியருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். கிழமைக்கு எத்தனை கிராம் முடிகிறது என்பதையும் ஒரு கடதாசியில் குறித்து வையுங்கள்.